காரத்தைச் சுவைத்தல்

உணவுப் பொருள்களுள் வீரம் பேசுவதற்கு இடங்கொடுப்பது மிளகாய் ஒன்றே. எவ்வளவு புளிப்பைத் தாங்குவேன் என்று மார்தட்டுபவரை நாம் கண்டதில்லை. உப்பைத் தின்பதில் பந்தயம் கட்டுபவரும் இல்லை. காரம் என்று வந்துவிட்டால் மட்டும், "இது எனக்குப் போதாது, இன்னும் கொண்டு வாருங்கள்" என்று சொல்வது ஒரு பெருமையாகிவிடுகிறது. கல்லூரி விடுதிகளில் உண்டு பழகிய நேயர்களுக்கு இதை நான் விரித்துக் கூறவேண்டுவதில்லை.

இந்தப் பெருமையை முதலாக வைத்து ஒரு பெரிய வாணிகமே உலகில் நடைபெற்று வருகிறது. மிளகாயை அரைத்து, உப்பும் வினிகர் என்னும் காடியும் கூட்டிப் புட்டியில் அடைத்து விற்கும் காரச் சாஸ், பல நாடுகளில் உணவு மேசையை விட்டு நீங்காத பொருளாகிவிட்டது. அவற்றுள் நல்லனவும் உண்டு. வெறும் மிரட்டலே உருவானவையும் உண்டு. இரண்டாம் வகையின் புட்டிமேல் மண்டையோட்டுப் படம் இருக்கும்; பக்கத்தில் ஏழு இலக்கங்கொண்ட ஓர் எண் இருக்கும். என்ன சுவை என்பதைப் பற்றி ஒரு சொல்கூட இராது. 2023-ஆம் ஆண்டில், மிகக் கடுமையான காரப்பொடி தூவிய ஒற்றை வறுவலைத் தின்றுகாட்டும் போட்டி அமெரிக்க இளைஞரிடையே பரவியது. அதில் ஈடுபட்ட ஓர் இளைஞன் இறந்தபின் அந்தப் பொருள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. விளையாட்டாகத் தொடங்கியது எங்கே சென்று முடிந்தது, பாருங்கள்.

ஆகையால், காரச் சாஸை எப்படிச் சுவைப்பது, எந்த உணவோடு சேர்ப்பது என்னும் கேள்வி, பார்வைக்குச் சிறிதாயினும், சிந்திக்கத்தக்கதே. காரத்தைத் தாங்குவது வேறு, சுவைப்பது வேறு என்பதே இன்று நான் சொல்ல விரும்புவது.

முதலில், காரம் என்பது யாது? சுவையை ஆறாக வகுத்த நம் முன்னோர், கார்ப்பையும் அவற்றுள் ஒன்றாக வைத்தனர் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். இக்கால உடலியல் அறிஞரின் பட்டியலில் ஐந்து சுவைகளே உள்ளன. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு ஆகிய நான்கும் நமக்குத் தெரிந்தவை. ஐந்தாவது, ஜப்பானிய வேதியியல் அறிஞர் கிக்குனே இக்கேதா 1908-ஆம் ஆண்டில் கடற்பாசிச் சாற்றிலிருந்து கண்டு 'உமாமி' என்று பெயரிட்ட சுவை. கார்ப்புக்கும் துவர்ப்புக்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை. ஏனென்றால், இவ்விரண்டையும் நாவிலுள்ள சுவை மொட்டுகள் உணர்வதில்லை. தொடுதலையும் வெப்பத்தையும் வலியையும் உணரும் நரம்புகளே உணர்கின்றன.

மிளகாயிலுள்ள காரப் பொருளுக்குக் காப்சைசின் என்று பெயர். விதையில்தான் காரம் இருக்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது, விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெண்ணிறச் சதையில்தான் மிகுதியாக உண்டாகிறது. இந்தப் பொருள் வாயில் என்ன செய்கிறது என்பதை 1997-ஆம் ஆண்டில் டேவிட் ஜூலியஸ் என்னும் அமெரிக்க விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் விளக்கினர். நம் நரம்பு நுனிகளில் டி.ஆர்.பி.வி.1 என்னும் ஓர் ஏற்பி இருக்கிறது. ஏறத்தாழ 43 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட சூடு பட்டால் அது திறந்துகொண்டு, "சுடுகிறது" என்று மூளைக்குச் செய்தி அனுப்பும். காப்சைசின் பட்டாலும் அதே கதவு திறக்கிறது. அதே செய்தி செல்கிறது. நெருப்பே இல்லாத இடத்தில் நெருப்புச் செய்தி! அதை நம்பி உடல் வியர்க்கிறது. கண்ணும் மூக்கும் நீர் வடிக்கின்றன. இந்தத் துறையில் செய்த ஆராய்ச்சிக்காக ஜூலியஸுக்கு 2021-ஆம் ஆண்டின் நோபெல் பரிசு, ஆர்டெம் பாட்டபூட்டியன் என்பவருடன் பகிர்ந்து வழங்கப்பட்டது.

இங்கே தமிழ் மாணவர் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்று உண்டு. மிளகாய்க்குத் தாயகம் நம் நாடு அன்று. மெக்ஸிக்கோ முதலிய அமெரிக்க நாடுகளில் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பயிரிடப்பட்ட செடி அது. 1492-இல் கொலம்பஸ் மேற்கே கடல் கடந்து சென்ற பின்னரே மற்றக் கண்டத்தார் அதை அறிந்தனர். 16-ஆம் நூற்றாண்டில் அது போர்ச்சுகீசியர் வாயிலாக இந்தியாவுக்கு வந்தது. வந்த புதுக் காயை வாயிலிட்டுப் பார்த்த நம்மவர், அதற்கு மிளகோடு உறவு சொல்லி 'மிளகாய்' என்று பெயரிட்டனர். தாவர நூலின்படி மிளகுக் கொடியும் மிளகாய்ச் செடியும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றுக்கொன்று எவ்வகை உறவும் இல்லை. ஆனால், மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின் என்னும் பொருளும் மேலே சொன்ன அதே ஏற்பியைத்தான் தூண்டுகிறது என்று பின்னாளில் தெரியவந்தது. செடியில் இல்லாத உறவு நரம்பில் இருந்தது. அதை நம் முன்னோர் நாவினாலேயே உணர்ந்து பெயர் வைத்துவிட்டனர்.

வலியைத் தரும் பொருளைச் செடி ஏன் உண்டாக்குகிறது என்று நீங்கள் கேட்கலாம். மிளகாயைத் தின்னும் எலி முதலிய விலங்குகள் விதையை மென்று அழித்துவிடுகின்றன. பறவைகளோ பழத்தை விழுங்கி, விதையைச் சிதைக்காமல் தொலைவிலே கொண்டு போய் எச்சமிடுகின்றன. பறவைகளின் ஏற்பி காப்சைசினுக்கு மசிவதில்லை. கிளி மிளகாய்ப் பழத்தை அமைதியாக உண்பதன் காரணம் இதுவே. ஆக, வேண்டாத விருந்தினரை விலக்கி, வேண்டியவரை வரவேற்கச் செடி செய்துகொண்ட ஏற்பாடு காரம். விலக்கப்பட்ட விருந்தாளிகளுள் மனிதன் ஒருவன் மட்டும் விரும்பி மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருக்கிறான்.

காரத்தை அளக்க முடியுமா? 1912-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு மருந்துக் கம்பெனியில் பணிபுரிந்த வில்பர் ஸ்கோவில் என்னும் மருந்தியல் அறிஞர் அதற்கு ஒரு வழி கண்டார். மிளகாயின் சத்தைச் சாராயத்தில் இறக்கி, அதைச் சர்க்கரை கலந்த நீரில் சிறிது சிறிதாகக் கரைத்து, பயிற்சி பெற்ற சிலரிடம் கொடுத்தார். காரம் தெரிகிறது என்று அவர்கள் சொல்லும்வரை மேலும் மேலும் நீர்க்கச் செய்தார். காரம் முற்றிலும் மறையும் நிலையில், எத்தனை மடங்கு நீர்த்திருக்கிறது என்று கணக்கிட்டார். அந்த மடங்கே ஸ்கோவில் அளவு. குடைமிளகாய்க்கு அது பூஜ்யம். ஹாலப்பேன்யோ என்னும் மெக்ஸிக்கோ மிளகாய்க்கு 2,500 முதல் 8,000 வரை. ஹபனேரோ மிளகாய்க்கு 1,00,000 முதல் 3,50,000 வரை. 2023-ஆம் ஆண்டில் உலகச் சாதனையாகப் பதிவான 'பெப்பர் எக்ஸ்' என்னும் வகைக்குச் சராசரி 26,93,000. இப்போதெல்லாம் நாக்குக்குப் பதிலாகக் கருவிகள் காப்சைசினை நேரே அளந்துவிடுகின்றன. ஆயினும் ஸ்கோவிலின் பெயரும் எண்ணும் நிலைத்துவிட்டன.

நண்பர்களே, இந்தச் சோதனையில் ஒன்றை ஊன்றிக் கவனியுங்கள். ஸ்கோவில் தம் குழுவினரிடம், எவ்வளவு காரத்தைத் தாங்குவீர்கள் என்று கேட்கவில்லை. எவ்வளவு குறைந்த காரத்தை உங்களால் கண்டுகொள்ள முடியும் என்று கேட்டார். பல்லாயிரம் மடங்கு நீர்த்த பின்னும், "இன்னும் சிறிது தெரிகிறது" என்று சொல்லக்கூடிய நாவே அவருக்கு வேண்டியிருந்தது. கூர்மையான நாவை நம்பிப் பிறந்த எண்ணை, மரத்த நாவுக்குப் பட்டமாகச் சூட்டிக்கொள்வது எவ்வளவு பொருந்தாத செயல்!

இனி, நல்ல காரச் சாஸ் எவ்வாறு உண்டாகிறது என்பதற்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். அமெரிக்காவின் தென்பகுதியில் லூயிசியானா மாநிலத்தில் ஏவரி தீவு என்னும் இடம் இருக்கிறது. தீவு என்பது பெயரளவில்தான். சதுப்பு நிலத்தின் நடுவே மேடாக எழுந்திருக்கும் நிலம் அது. அதன் அடியில் மலை போலப் பாறை உப்பு புதைந்திருக்கிறது. நியூ ஆர்லியன்ஸ் நகரில் வங்கித் தொழில் செய்துவந்த எட்மண்ட் மக்கில்ஹென்னி என்பவர், 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரினால் தம் தொழிலை இழந்து, மனைவி வீட்டாருக்குச் சொந்தமான இந்தத் தீவில் வந்து தங்கினார். அங்கே 1868-ஆம் ஆண்டில் விற்பனைக்கென்று மிளகாய் பயிரிட்டார். மறு ஆண்டு 658 புட்டிகள் சாஸ் விற்றார். வாசனை நீர் நிரப்பும் சிறு புட்டிகளைப் போன்றவற்றிலே அதை அடைத்தார். மூடியருகில் துளித் துளியாக மட்டும் விழும்படி ஓர் அமைப்பும் வைத்தார். மெக்ஸிக்கோ நாட்டு மாநிலம் ஒன்றின் பெயரால் அதற்கு 'தபாஸ்கோ' என்று பெயர். இன்றும் அவருடைய வழிவந்தோரின் கம்பெனி அதைச் செய்துவருகிறது.

அதில் சேர்வன மூன்றே பொருள்கள்: மிளகாய், உப்பு, காடி. இந்த எளிய சேர்க்கைக்குச் சுவையைத் தருவது காலமும் கவனமுமே. மிளகாய் சரியாகப் பழுத்ததா என்று பார்க்க, செந்நிறம் பூசிய சிறு குச்சி ஒன்றை ஒப்பாக வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. பழத்தின் நிறம் குச்சியின் நிறத்தோடு ஒத்தால்தான் பறிக்கலாம். பறித்த பழத்தை உப்புச் சேர்த்து அரைத்து, வெள்ளை ஓக் மரப் பீப்பாய்களில் அடைக்கிறார்கள். அவை பெரும்பாலும் முன்பு விஸ்கி நிரப்பியிருந்த பீப்பாய்கள். மூடியின்மேல் உப்பைக் கனமாகப் பரப்பிவிடுகிறார்கள். அந்த நிலையில் விழுது மூன்று ஆண்டுகள் வரை புளிக்கிறது. நம் வீடுகளில் இட்லி மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களின் உறவினரே இங்கும் வேலை செய்கின்றனர். அவை மிளகாயிலுள்ள சர்க்கரையை உண்டு புளிப்பையும் புதிய மணங்களையும் உண்டாக்குகின்றன; வேண்டாத கிருமிகளை உப்பு தடுக்கிறது. பின்னர்க் காடியுடன் கலந்து, நான்கு வாரங்கள் வரை கிளறி, தோலையும் விதையையும் வடிகட்டிப் புட்டியில் நிரப்புகிறார்கள். முடிந்த சாஸின் ஸ்கோவில் அளவு 2,500 முதல் 5,000 வரைதான். எண்ணை நோக்கினால் இது மிகச் சிறியது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக மக்கள் அதை விடாமல் வாங்கி வருவது எண்ணுக்காக அன்று என்பது தெளிவு.

சில நாள்களுக்கு முன், இந்தச் சாஸுடன் வேறு இரண்டையும் ஒருங்கே வைத்து முறைப்படி சுவைத்துப் பார்த்தேன். இரண்டாவது, தாய்லாந்தின் கடற்கரை ஊராகிய சீ ராச்சாவின் பெயரைத் தாங்கிய ஸ்ரீராச்சா வகை. வியட்நாமிலிருந்து அகதியாக வெளியேறிய டேவிட் டிரான் என்பவர் 1980-ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தொடங்கிய தொழிற்சாலையால் இந்த வகை உலகப் புகழ் பெற்றது. பழுத்த ஹாலப்பேன்யோ மிளகாயுடன் பூண்டும் சர்க்கரையும் உப்பும் காடியும் சேர்ந்த கெட்டியான சாஸ் அது. மூன்றாவது, நடு அமெரிக்காவிலுள்ள பெலீஸ் நாட்டு முறையில், ஹபனேரோ மிளகாயோடு காரட்டும் வெங்காயமும் எலுமிச்சையும் சேர்த்துச் செய்தது.

சுவைக்கும் முறை கடினமானதன்று. வெள்ளை ரொட்டித் துண்டோ, உப்பில்லாத வெறுஞ்சோறோ அருகில் இருக்கட்டும். காரம் குறைந்ததில் தொடங்கி மிகுந்ததில் முடிக்க வேண்டும். வரிசையை மாற்றினால் பின்னது ஒன்றும் தெரியாது. முதலில் நிறத்தைப் பாருங்கள். அடுத்து முகர்ந்து பாருங்கள். ஆனால் மூக்கைப் புட்டியின் வாயில் வைக்காமல், கரண்டியில் ஒரு துளி விட்டுச் சற்றுத் தள்ளி வைத்தே முகர வேண்டும். பிறகு ஒரு துளியை நாவில் வைத்து, வாயை மூடி, மூச்சை மூக்கின் வழியே விடுங்கள். அப்போதுதான் மணம் முழுவதும் தெரியும். ஓர் அரை நிமிடம் பொறுத்திருந்து மூன்று கேள்விகளுக்கு விடை காணுங்கள். காரம் வருமுன் தெரிந்த சுவை எது? காரம் எப்போது, வாயின் எந்தப் பகுதியில் தோன்றியது? அது தணிந்தபின் எஞ்சிய சுவை எது? இந்த மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்வது நல்லது. எழுதவேண்டும் என்ற எண்ணமே நாவைக் கூர்மையாக்கும்.

என் தாளில் நான் குறித்தவற்றைச் சொல்கிறேன். லூயிசியானாச் சாஸில் முதலில் காடியின் புளிப்பு பளிச்சென்று முன்வந்தது. அதை அடுத்து உப்பு. அதற்கும் பின்னால், பழைய மரப்பெட்டியைத் திறந்தது போன்ற மெல்லிய மணம். காரம் நாநுனியில் சுருக்கென்று தோன்றி, நான் எதிர்பார்த்ததைவிட விரைவாக விலகிவிட்டது. வாய் சுத்தமாக இருந்தது. ஸ்ரீராச்சாவில் இனிப்பும் பூண்டும் முந்திக்கொண்டன. காரம் அவற்றின் பின்னால் மெதுவாக ஏறி, நா முழுவதும் பரவியது. தணிந்தபின் பூண்டு மட்டும் நெடுநேரம் நின்றது. மூன்றாவதில்தான் எனக்கு வியப்பு. அச்சத்தோடு ஒரு சிறு துளியை வைத்தேன். முதலில் வந்தது பழுத்த பழத்தின் நறுமணம். சர்க்கரை பாதாமி என்று நாம் சொல்லும் உலர்ந்த பழத்தை நினைவூட்டிய மணம். அதில் நான் மகிழ்ந்திருக்கும்போதே, தொண்டையின் பின்புறத்திலிருந்து காரம் எழுந்தது. எழுந்தது சில நிமிடங்கள் அமரவில்லை. முன்பு பல முறை ஹபனேரோவைப் பிறர் புகழக் கேட்டிருந்தும், அதற்கு இப்படி ஒரு மணம் உண்டென்று அன்றுதான் அறிந்தேன். ஒரு கரண்டியை ஒரே வாயில் விழுங்கியிருந்தால் அந்த மணம் எனக்குக் கிட்டியிராது.

இடையிடையே வாயை ஆற்றிக்கொள்ள வேண்டும். இதற்குத் தண்ணீர் உதவாது. காப்சைசின் நீரில் கரைவதில்லை, கொழுப்பில் கரையும். குளிர்ந்த நீர், குளிர்ச்சியால் ஒரு நொடி ஆறுதல் தந்து பின்பு கைவிட்டுவிடும். பாலும் தயிரும் அப்படியல்ல. அவற்றிலுள்ள கொழுப்பும், கேசின் என்னும் புரதமும் காரப் பொருளைப் பற்றிக் கொண்டு சென்றுவிடுகின்றன. தயிர்ச் சோற்றுக்கு மோர் மிளகாயைத் துணையாக வைத்த நம் வீட்டுப் பெண்மணிகள் இந்த வேதியியலைப் பழக்கத்தால் அறிந்தவர்கள். மூன்று, நான்கு வகைகளுக்கு மேல் ஒரே வேளையில் சுவைக்கவும் வேண்டாம். காப்சைசின் அடுத்தடுத்துப் படும்போது நரம்பு நுனிகள் சோர்ந்து, செய்தி அனுப்புவதைக் குறைத்துக்கொள்கின்றன. நாளுக்கு நாள் காரத்தைக் கூட்டிக்கொண்டே போகிறவர்களுக்குப் பழைய அளவு போதாமற்போவதற்கு இதுவும் ஒரு காரணம். அவர்கள் பெற்றது வலிமை என்று எண்ணுகிறார்கள். உணர்வின் ஒரு பகுதி குறைந்துவிட்டது என்பதே உண்மை.

இனி, உணவோடு சேர்க்கும் முறை. இதற்கு விதிகள் பல இல்லை. அந்தந்த நாட்டு மக்கள் நெடுங்காலமாகச் செய்துவருவதை உற்று நோக்கினால், காரணம் தானே விளங்கும்.

நியூ ஆர்லியன்ஸ் நகரத்தார் கடற்சிப்பியைப் பச்சையாகவே, அதன் ஓட்டில் வைத்தபடி, தபாஸ்கோ சாஸ் இரண்டு துளி விட்டு உண்கின்றனர். சிப்பியின் சதை வழுவழுப்பானது. கடல் உப்பின் சுவை உடையது. காடியின் புளிப்பு அந்த வழுவழுப்பை அறுத்து, உப்பை எடுத்துக்காட்டுகிறது. அதே நகரில் திங்கட்கிழமைகளில் சிவப்பு பீன்ஸ் விதையைச் சோற்றோடு உண்பது ஒரு மரபு. திங்கட்கிழமை துணி வெளுக்கும் நாளாக இருந்ததால், அடுப்பில் வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்க்கத்தக்க உணவாக அது அமைந்தது என்பர். நெடுநேரம் வெந்து குழைந்த பருப்பு மந்தமான சுவையுடையது. அதற்கும் இந்தச் சாஸ் நன்றாகப் பொருந்துகிறது. இரண்டு உணவுகளிலும் விதி ஒன்றே: மெதுவாக இருக்கும் உணவுக்குச் சுறுசுறுப்பான சாஸ். சிப்பியை உண்ணாத நான் வேகவைத்த முட்டையில் இதைச் சோதித்தேன். மஞ்சட்கருவின் கொழுப்பு காரத்தை வாங்கிக்கொள்ள, புளிப்பு மட்டும் முன்னால் நின்று முட்டைக்குப் புதிய சுவை கொடுத்தது.

ஸ்ரீராச்சாவில் இனிப்பும் பூண்டும் இருப்பதால், அது உப்பும் எண்ணெயும் உள்ள பொரித்த பண்டங்களுக்கும் வதக்கிய நூடுல்ஸுக்கும் ஏற்றது. இனிப்பான உணவோடு சேர்த்தால் திகட்டிவிடும்.

ஹபனேரோவைப் பற்றி அறிய, பெலீஸுக்கு வடக்கே, மெக்ஸிக்கோவின் யூக்கடான் பகுதிக்குச் செல்லவேண்டும். அங்கே பன்றி இறைச்சியைப் புளிப்பு ஆரஞ்சுச் சாற்றிலும், அச்சியோத்தே என்னும் செந்நிற விதையின் விழுதிலும் ஊறவைத்து, வாழையிலையில் பொதிந்து, நிலத்தில் தோண்டிய அடுப்பில் மெதுவாக வேகவைக்கின்றனர். கோச்சினீத்தா பிபில் என்பது அதன் பெயர். அதன் துணையாக ஹபனேரோ, வெங்காயம், புளிப்பு ஆரஞ்சுச் சாறு சேர்த்த ஒரு சட்னி வருகிறது. மாயா மொழியில் அதன் பெயர் 'ஷ்னிபெக்'. 'நாயின் மூக்கு' என்பது பொருள்; உண்பவரின் மூக்கு நாயின் மூக்கைப் போல ஈரமாகிவிடும் என்பதால் அந்தப் பெயர். நகைச்சுவை ஒருபுறம் இருக்க, சேர்க்கையின் நுட்பத்தைப் பாருங்கள். இறைச்சியிலும் புளிப்பு ஆரஞ்சு. சட்னியிலும் புளிப்பு ஆரஞ்சு. பழ மணமுள்ள மிளகாயை, பழச்சாற்றில் ஊறிய உணவோடு சேர்த்திருக்கிறார்கள். கொழுப்புள்ள இறைச்சி, கடுங்காரத்தைத் தாங்கிக்கொள்கிறது. ஒத்த மணத்தால் இணைத்து, எதிரான தன்மையால் அடக்குவது என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம்.

இன்னும் இரண்டு குறிப்புகள். சூடான உணவில் காரம் மிகுந்து தோன்றும். ஆறிய உணவில் குறைந்து தோன்றும். சூட்டுக்கும் காரத்துக்கும் கதவு ஒன்றே என்று முன்பு சொன்னதை நினைவிற்கொண்டால் இதன் காரணம் விளங்கும். ஆதலால், கொதிக்கும் சூப்பில் சாஸ் விடும்போது கை தாராளமாக இருக்கலாகாது. மற்றொன்று, ஏற்கெனவே மசாலையும் புளியும் நிறைந்த குழம்பில் இத்தகைய சாஸைக் கலப்பதால் பயனில்லை. அங்கே பலர் ஒருங்கே பேசுகிறார்கள். புதிதாக வந்தவரின் குரல் யாருக்கும் கேட்பதில்லை.

சேர்க்கை சரியாக அமைந்ததா என்று அறிய ஓர் எளிய தேர்வு உண்டு. உண்டு முடித்தபின், உணவின் சுவை இன்னது என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். "காரமாக இருந்தது" என்பதைத் தவிர வேறு விடை வரவில்லையானால், சாஸ் உணவை விழுங்கிவிட்டது என்று கொள்ளுங்கள். அடுத்த முறை துளிகளைக் குறையுங்கள். புட்டியின் வாயைச் சிறிதாக அமைத்தவர் காரணமில்லாமல் அமைக்கவில்லை.

மாணவ நண்பர்களே, உங்களுள் ஒருவர் காரம் பொறாதவராக இருந்தால், அதற்காக நாண வேண்டுவதில்லை. ஒரு துளியின் நூற்றில் ஒரு பங்கைக் கண்டுகொள்ளும் நா உங்களுடையதாக இருக்கலாம். 1912-இல் ஸ்கோவில் உங்களைத்தான் தம் மேசைக்கு அழைத்திருப்பார். காரத்தை மிகுதியாக உண்பவரும் வருந்த வேண்டாம்; சில நாள் அளவைக் குறைத்தால் சோர்ந்த நரம்பு மீண்டும் விழித்துக்கொள்ளும். நண்பர்கள் கூடியிருக்கும்போது பந்தயம் கட்ட யாரேனும் புட்டியை நீட்டினால், ஒரு துளியை மட்டும் வாங்கி, அதில் என்ன மணம், என்ன புளிப்பு, எந்த வகை மிளகாய் என்று சொல்லிக் காட்டுங்கள். அவர்கள் ஒரு கரண்டியைத் தின்றும் அறியாத செய்தி அது.